கைப்பிடி இல்லாத பதினொரு படிகள்

தென்காசிப் பக்கத்தில் வயலுக்கு நடுவே தனியாக நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றைப் பொத்தை என்பார்கள். கரடிப்பொத்தையில் கரடியும் கிடையாது, பெரிய உயரமும் கிடையாது. எண்பத்திரண்டு படி ஏறினால் உச்சி. உச்சியில் ஓடு போட்ட ஒரு மடம். அந்த மடத்தில் பிரமு அம்மா இருந்தார்.

அம்மாவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு காலத்தில் தபால் ஆபீசில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு மேலே ஏறியவர் அங்கேயே தங்கிவிட்டார். வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவார். ஏதாவது கேட்டால் ஒரு வார்த்தை சொல்லுவார். கேட்காவிட்டால் அதுவும் கிடையாது.

அவருடைய சீடர் வடமலையப்பனுக்கு அறுபத்து மூன்று வயது. குருவைவிட மூத்த சீடர் என்பதால் அம்மா அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

வடமலையப்பன் முப்பது வருஷம் ஒரு பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். முன்வாசலில் ஏறிப் பின்வாசலில் இறங்குவதற்குள் டிக்கெட் எடுக்காதவன் யார் என்று அவருடைய மூக்குக்குத் தெரிந்துவிடும். அவர் ஓய்வு பெற்றார், மூக்கு பெறவில்லை. கஞ்சியில் உப்புக் குறைந்தால், மீதி உப்பு எங்கே போயிற்று என்று கேட்கிற ஆள். சந்தேகப் புத்தி போகவேண்டும் என்றுதான் மடத்துக்கு வந்தேன் என்பார். வந்த அன்றைக்கே, இந்த அம்மா நிஜமான சாமிதானா என்று அடிவாரத்தில் மூன்று பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் மேலே ஏறினார்.

எண்பத்திரண்டு படியில் எழுபத்தொன்று பயமில்லாதது. மேலே திரும்புகிற வளைவில் இருக்கும் பதினொரு படிதான் வில்லங்கம். ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை, கீழே கருவேலங்காடு. ஆனி ஆடியில் சாரல் விழுந்தால் படியில் பாசி பிடித்து வழுக்கும். போன ஆடியில் பூக்கட்டும் ஆவுடையம்மாள் அந்த இடத்தில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். இன்னும் கட்டிலைவிட்டு எழவில்லை.

அந்த வாரமே அம்மா சொல்லிவிட்டார்.

"அண்ணாச்சி, வளைவுக்கு ஒரு கைப்பிடிக் கம்பி போடணும். நீங்க பாத்து வாங்குங்க. இனி ஒருத்தரும் விழக்கூடாது."

"எங்கிட்ட விட்டுட்டீயள்லா, கவலையே வேண்டாம்" என்றார் வடமலையப்பன்.

கல்தச்சனை வரவழைத்து, தூண் ஊன்றப் படிகளின் வெளி ஓரத்தில் ஆறு குழி வெட்டவைத்தார். குழியின் ஆழத்தை அவன் சொன்னதை நம்பாமல் தானே குச்சி விட்டு அளந்தார். அதற்குப் பிறகு கம்பி தேடப் புறப்பட்டார். பத்து மாதம் ஆயிற்று. குழியில் மழைத்தண்ணீர் தேங்கித் தவளை முட்டை போட்டதுதான் மிச்சம்.

முதல் கடையில் கறுப்புப் பெயிண்ட் அடித்த இரும்புக் குழாய் காட்டினார்கள். வடமலையப்பன் வீட்டுச் சாவியை எடுத்து ஒரு கீறு கீறினார். பெயிண்டுக்கு அடியில் துரு. அதைக் கடைக்காரருக்கே காட்டிவிட்டு வந்தார்.

இரண்டாவது கடையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கண்ணாடி மாதிரி மினுங்கியது. அந்த மினுக்கமே அவருக்குப் பிடிக்கவில்லை.

"காந்தம் வச்சுப் பாருங்க சார். ஒட்டலைன்னா அசல் சரக்கு" என்றார் கடைக்காரர்.

ஒட்டவில்லை. வடமலையப்பனுக்கு உலகத்தைப் பிடிக்க ஒரு கருவி கிடைத்துவிட்ட சந்தோஷம். தனக்கென்று ஒரு காந்தம் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கல்யாண மண்டபம், வங்கி, ஆஸ்பத்திரி என்று போகிற இடமெல்லாம் படிக்கட்டுக் கம்பியில் காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டினால் தலையை ஆட்டிக்கொண்டார்.

மூன்றாவது கடைக்காரர் அந்தக் காந்தத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"மட்ட ரகத்துலயும் அது ஒட்டாது சார். ரெண்டு சாரல் கண்டா அங்கங்க பழுப்புப் புள்ளி விழும். அன்னைக்குத்தான் தெரியும்."

இதில் பொய் சொல்வது இரண்டாவது ஆளா, மூன்றாவது ஆளா? அடுத்தவன் வியாபாரத்தைக் கெடுக்கவென்றே சொல்லுகிறானோ? வடமலையப்பன் நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. காந்தத்தை அலமாரிக்குள் போட்டுப் பூட்டினார். காந்தத்தை நம்பிய தன்னை நினைத்துத்தான் அவருக்கு ரொம்ப ஆத்திரம்.

மூன்றாவது கடையில் இருந்தது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய்.

"வெல்டிங் வைக்கிற இடத்துல பூச்சு எரிஞ்சு போகும்லா?"

"அதுக்கு மேல சில்வர் பெயிண்ட் அடிச்சிருவோம் சார்."

"அப்ப மறைக்கீய."

அந்தக் கடையும் முடிந்தது.

கடைசியில் இலஞ்சி விலக்கில் பட்டறை வைத்திருந்த தங்கப்பழத்திடம் போனார். கனத்த ஆள், பேச்சு குறைவு. வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டான்.

"இரும்புக் குழாய்தான் போடுவேன் அண்ணாச்சி. துருப்பிடிக்கும்."

வடமலையப்பன் தன் காதையே நம்பவில்லை. "என்னது?"

"சாரல்ல இரும்பு துருப்பிடிக்காம என்ன செய்யும்? வருஷம் ஒருக்க நான் வந்து சுரண்டிட்டுப் பெயிண்ட் அடிச்சுத் தாரேன். ஆட்டிப் பாத்து, ஆடுனா இறுக்கிட்டும் போறேன்."

வடமலையப்பன் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார். சரக்கைப் பற்றித் தானே குறை சொல்லுகிறவன் எவ்வளவு பெரிய ஆளாக இருக்கவேண்டும்! பஸ்ஸிலும் அப்படித்தான். செக்கரைக் கண்டதும் முகத்தைத் திருப்புகிறவன் சில்லறைத் திருடன். தானாக எழுந்து வந்து வணக்கம் சொல்லுகிறவனைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கவேண்டும்.

மேலே வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சரி, இவங்கள்ல ஏமாத்துதவரு யாரு?"

"எல்லாரும்."

"தங்கப்பழமுமா?"

"அவன்தாம்மா எல்லாருக்கும் தலைவன்."

அம்மா கீரையைத் தொடர்ந்து ஆய்ந்தார்.

ஆனி பாதியிலேயே சாரல் இறங்கிவிட்டது. ஆனி முடிகிற வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் வடமலையப்பன் வளைவில் போய் நின்று பார்த்தார். படிகள் பச்சை பூத்திருந்தன. கால் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், வழுக்கிக்கொண்டு போனது. மறுநாள் வெள்ளிக்கிழமை. மாதக் கடைசி வெள்ளிக்குச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கஞ்சிக்கு வரும். யாராவது விழுந்தால் அது தன் தலையில்தான் விடியும் என்று அவருக்குத் தெரிந்தது.

ஓடிவந்து அம்மா முன்னால் உட்கார்ந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கேன். ஒரு பொருளோ மனுசனோ, தாங்கும்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுறது? சாஞ்சுட்டா தெரிஞ்சிரும். சாயுறதுக்கு முன்னாலயே தெரியணும்."

அம்மா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை."

"ஆமாம்மா."

"வளைவுல கம்பி இல்லை."

"இல்லை."

"அப்ப நீங்க நில்லுங்க."

வடமலையப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் இது தண்டனையா என்று சந்தேகம் வந்தது. அம்மா முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தார். அதில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வளைவுக்கு இறங்கினார். நடுவில் இருந்த குழியில் தண்ணீரை இறைத்துவிட்டு வலது காலை உள்ளே விட்டார். முழங்காலுக்குக் கீழே கல் கவ்விக்கொண்டது. பள்ளத்துக்கு முதுகைக் காட்டி, கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் வந்தவள் ஒரு பருத்த பெண். "அய்யோ வழுக்குதே" என்றவள் அவர் தோளைப் பிடித்தாள், ஏறினாள், போனாள். முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வடமலையப்பனுக்குச் சுருக்கென்றது. இவன் தாங்குவானா என்று ஒரு வார்த்தை கேட்கவேண்டாமா?

அப்புறம் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மணிக்கட்டைப் பிடித்தார்கள், முழங்கையைப் பிடித்தார்கள். ஒரு கிழவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். விபூதிக் கை, எண்ணெய்க் கை, காய்த்துப்போன கை. முப்பது வருஷம் ஆட்களின் கையையே பார்த்துப் பிழைத்தவர், இந்தக் கைகளில் எதிலும் திருட்டைக் காணாமல் தடுமாறினார். இவர்களுக்கு என்ன துணிச்சல் என்று ஒரு கோபமும் வந்தது. நான் நேற்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. முழங்காலில் வாதம் வேறு. எனக்கே என்மேல் நிச்சயம் இல்லை, இவர்கள் பாட்டுக்குச் சாய்கிறார்களே!

உச்சி வேளைக்குக் கூட்டம் குறைந்தது. அப்போது ஒருவன் தோளில் அரிசி மூட்டையோடு ஏறிவந்தான். நாற்பது வயது இருக்கும். வளைவில் நின்று வடமலையப்பனைப் பார்த்தான். அன்றைக்கு முகத்தைப் பார்த்த முதல் ஆள் அவன்தான்.

"நீங்க செக்கர்லா?"

வடமலையப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முகம் ஞாபகம் வந்தது. பேரும் வந்தது, தன் கையால் எழுதிய பேர். உச்சிமாகாளி.

எட்டு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. செங்கோட்டை ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி ஏறியபோது இவனிடமும் இவன் மனைவியிடமும் டிக்கெட் இல்லை. காசு கொடுத்துவிட்டேன், டிக்கெட் பிறகு தருகிறேன் என்று கண்டக்டர் சொன்னார் என்றான். இந்த ஆள் காசே கொடுக்கவில்லை என்று கண்டக்டர் சத்தியம் பண்ணினான். வடமலையப்பன் தன் மூக்கை நம்பினார். பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பேரையும் கொளுத்துகிற வெயிலில் நடுரோட்டில் இறக்கிவிட்டார்.

"நான் காசு குடுத்தவன்" என்றான் உச்சிமாகாளி.

"தெரியும்."

வார்த்தை வாயைவிட்டு வந்த பிறகுதான் வடமலையப்பனுக்கே உறைத்தது.

"என்ன தெரியும்?"

"அந்தக் கண்டக்டர் பதினஞ்சு நாள்ல பிடிபட்டான். பல பேர்ட்ட அப்படிச் செஞ்சிருக்கான். உங்க மேல தப்பில்லைன்னு அவன் பிடிபட்ட அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா தேடி வரலை? ஊரும் பேரும் எழுதி வாங்குனீயள்லா?"

"வரலை."

"ஏன்?"

"வெட்கமா இருந்துச்சு."

உச்சிமாகாளி மூட்டையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினான். சாரல் அவன் முகத்தில் வழிந்தது.

"ரோட்டுல நிக்கும்போது எம் பொண்டாட்டி என்ன கேட்டா தெரியுமா? 'நெசமாவே காசு குடுத்தீயளா'ன்னு கேட்டா. என் சட்டைப்பையை அவளே தடவிப் பாத்தா. இன்னைக்கும் நான் ஒண்ணு சொன்னா ஒரு நிமிசம் என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் நம்புதா. அந்த ஒரு நிமிசம் நீங்க குடுத்தது."

வடமலையப்பனின் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"உங்க கையை நான் பிடிக்க மாட்டேன்."

"பிடிக்க வேண்டாம். மூட்டையையாவது..."

"மூட்டையைத் தரமாட்டேன்."

உச்சிமாகாளி பாறையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு படியில் கால் வைத்தான். வடமலையப்பன் குழியிலிருந்து காலை உருவிக்கொண்டு இறங்கிவந்தார். பள்ளத்துப் பக்கம், அவனுக்கு ஒரு படி கீழே, கூடவே ஏறினார். இப்போது அவருக்கும் பிடிமானம் கிடையாது.

ஏழாவது படியில் உச்சிமாகாளியின் கால் சறுக்கியது. மூட்டை வெளிப்பக்கமாகச் சாய்ந்து வடமலையப்பனின் நெஞ்சில் மோதியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நெஞ்சால் மூட்டையைத் தாங்கினார். உச்சிமாகாளி பாறை இடுக்கில் விரலை மாட்டிக்கொண்டு நின்றுவிட்டான். இருவர் கையும் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவில் மூட்டை மட்டும் இருந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே மூச்சு வாங்கினார்கள். பிறகு அவன் ஏறினான். மேல்படி வந்ததும் திரும்பிப் பார்க்காமல் மடத்துக்குப் போய்விட்டான்.

வடமலையப்பன் இறங்கிவந்து மறுபடியும் குழியில் காலை விட்டுக்கொண்டார். நெஞ்சு வலித்தது. மூட்டை பட்ட வலிதான் என்று சொல்லிக்கொண்டார், ஆனால் அது மட்டும் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பிற்பகலில் சாரல் வலுத்தது. கஞ்சி குடித்துவிட்டு இறங்குகிறவர்கள் ஒவ்வொருவராக அவர் தோளைப் பிடித்து இறங்கிப் போனார்கள். கடைசியாக உச்சிமாகாளி வந்தான். இப்போது தோளில் மூட்டை இல்லை. வளைவின் மேல்படியில் குத்தவைத்து உட்கார்ந்தான். ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். தண்ணீர் படிகளில் ஓடிக்கொண்டிருந்தது. பாறையிலும் பிடிக்க இடமில்லாமல் வழிந்தது.

வெகுநேரம் அவன் எழுந்திருக்கவில்லை. வடமலையப்பன் கூப்பிடவும் இல்லை.

"உங்கள நான் இன்னும் நம்பலை" என்றான் மேலேயிருந்து.

"சரி."

"கால் வழுக்குச்சுன்னா நீங்க கையை உதறிருவீயன்னுதான் எனக்குத் தோணுது."

"சரி."

உச்சிமாகாளி எழுந்தான். இரண்டு படி உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினான். கையை நீட்டி வடமலையப்பனின் மணிக்கட்டைப் பிடித்தான். நகம் பதிகிற பிடி. தாங்குமா என்று முதலில் இரண்டு இழு இழுத்துப் பார்த்தான். வடமலையப்பன் அசையவில்லை. பிறகு அவன் முழுப் பாரத்தையும் போட்டு ஒவ்வொரு படியாக இறங்கினான். குழியைத் தாண்டிய பிறகும் விடவில்லை. வடமலையப்பன் காலை உருவிக்கொண்டு அவனோடு வளைவின் கடைசிப் படிவரை போனார்.

அங்கே கையை விட்டான். இறங்கிப் போனான்.

மடத்தில் ஈர வேட்டியோடு வடமலையப்பன் வந்து உட்கார்ந்தபோது, ஓட்டின் வழியாக இன்னும் கொஞ்சம் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. அம்மா அவர் முன்னால் கஞ்சியை வைத்தார்.

"யாரும் விழலையே?"

"விழலைம்மா."

அப்புறம் உச்சிமாகாளியைப் பற்றிச் சொன்னார். பஸ்ஸைவிட்டு இறக்கியதிலிருந்து, அவன் மனைவி சட்டைப்பையைத் தடவிப் பார்த்ததிலிருந்து, கடைசிப் படியில் கையை விட்டதுவரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சொல்லும்போது அழுதார். அறுபத்து மூன்று வயதில் இப்படி அழுவது அவருக்கே கூச்சமாக இருந்தது. மணிக்கட்டில் நான்கு நகத்தடம் சிவந்திருந்தது. அம்மா அதைப் பார்த்தார்.

"அவன் வீட்டுக்குப் போகணும்மா. அவன் பொண்டாட்டிட்ட நானே சொல்லணும்."

"போயிட்டு வாங்க."

வெளியே சாரல் ஓயவில்லை. நாளைக்கும் ஆட்கள் ஏறுவார்கள். வடமலையப்பன் கஞ்சியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, கம்பி விஷயம். தங்கப்பழத்தை வரச்சொல்லலாம்னு பாக்கேன்."

"சொல்லுங்க."

"ஆனா அவன் மேல சந்தேகம் இன்னும் போகலை. இன்னைக்கு நின்னுக்கிட்டு அதையும் யோசிச்சுப் பாத்தேன், அப்படியேதான் இருக்கு. நம்பிக்கை வந்த பிறகு சொல்லி அனுப்பட்டுமா?"

"உச்சிமாகாளிக்கு எந்தப் படியில வச்சு உங்க மேல நம்பிக்கை வந்துச்சு அண்ணாச்சி?"

வடமலையப்பன் பதினொரு படியையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். இழுத்துப் பார்த்த படி, பாரத்தைப் போட்ட படி, கையை விட்ட படி.

"எந்தப் படியிலயும் வரலைம்மா."

"ஆனாலும் பத்திரமா வீட்டுக்குப் போய்ச் சேந்திருப்பாருல்லா?" என்றார் அம்மா.